கெண்டை மீனும் ரெண்டு ஆள் கூடாரமும்



ஐம்பதாயிரம் ரூபாய் கடன் கேட்டு வருகிறவரிடம் நாற்பது கேள்வி கேட்பது என் தொழில். என்ன வாங்கப் போகிறீர்கள், எங்கே வாங்கப் போகிறீர்கள், வேறு கடையில் விலை விசாரித்தீர்களா, எத்தனை வருஷம் உழைக்கும்? இருபது வருஷமாக இதையே கேட்டுக் கேட்டு, வீட்டில் வெண்டைக்காய் வாங்கினாலும் இதே கேள்விதான் என்று தங்கமணி சொல்வாள். அப்படிப்பட்டவன் போன டிசம்பரில் 1,899 ரூபாய்க்கு ஒரு கூடாரம் வாங்கும்போது கேட்டது ஒரே கேள்வி: "டெலிவரி இலவசமா?"

அந்தக் கூடாரத்தின் கதைதான் இது. கூடாரம் வாங்க நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் உபயோகமாக இருக்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

முதலில் மீன் எப்படி என் வாழ்க்கைக்குள் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பவானிப் பக்கம். அப்பா காலிங்கராயன் வாய்க்கால் ஓரம் மூங்கில் குச்சியும் மண்புழுவுமாக உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் போடாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. பிறகு ஈரோட்டில் பி.காம்., வங்கித் தேர்வு, ஊர் ஊராக மாற்றல். தூண்டில் எங்கோ போயிற்று. புனே வந்த பிறகுதான், எங்கள் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வங்காளிப் பெரியவர் பழக்கமானார். எல்லோருக்கும் அவர் 'தாதா'. கல்கத்தாவில் சீட்டு வாங்கிக்கொண்டு பெரிய குடைக்கு அடியில் நாள் முழுக்கக் குளக்கரையில் உட்காரும் பரம்பரை. ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார்.

நாங்கள் போவது உஜனி அணையின் பின்பக்கத் தண்ணீர். பீமா நதியின் குறுக்கே 1980-ல் கட்டி முடித்த அணை. புனேயிலிருந்து சோலாப்பூர் சாலையில் நூறு கிலோமீட்டர் போனால் பிக்வான். குளிர்காலத்தில் பூநாரைகளைப் பார்க்க ஜனங்கள் கேமராவோடு வரும் அதே இடம். அங்கிருந்து உள்ளே தள்ளி ஒரு கரும்புக்காட்டு ஓரம். நிலத்துக்காரரிடமும் மீன்பிடி சங்கத்தாரிடமும் சொல்லிவிட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவோம்.

தண்ணீரில் இருப்பது கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை. எல்லாம் கெண்டை வகைதான். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். ஒரு விஷயம் தெரியுமா? கட்லாவும் ரோகுவும் இந்த ஊர் மீனே இல்லை. கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து மீன்கள். 1957-ல் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி ஒரிசாவில் இந்தக் கெண்டைகளுக்குப் பிட்யூட்டரிச் சாற்றை ஊசி போட்டு முட்டையிட வைத்தார். அதற்குப் பிறகுதான் குஞ்சுகளை வேண்டியபடி உற்பத்தி செய்து தேசம் முழுக்க அணைகளில் விட முடிந்தது. அந்த ஜூலை 10-ஐத்தான் இன்றைக்கும் மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆக, அவையும் நம்மைப் போல மாற்றலாகி வந்த பார்ட்டிகள்தான்.

பெரிய கெண்டை ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் கரைக்கு அருகே வரும் என்பார் தாதா. அதனால் ராத்திரி தங்க வேண்டும். டிசம்பரில் தாதாவுக்கு முழங்கால் வலி. தனியாகப் போகிறேன் என்றேன். தங்கமணி விடவில்லை.

"ஏனுங்க, ராத்திரி நேரத்துல தனியா ஒண்ணும் போக வேண்டாம். பையனைக் கூட்டிட்டுப் போங்க. அவனும் ரூமைப் பூட்டிட்டு உக்காந்தே கெடக்கறான்."

பையன் என்றால் நம்ம ஜூனியர். வயது பதினாறு, பதினொன்றாம் வகுப்பு. ஐ.ஐ.டி. கோச்சிங்கில் சேர்த்துவிட்டிருந்தேன். வாரத்தில் ஆறு நாள் கோச்சிங், ஏழாவது நாள் டெஸ்ட். சேர்ந்த நாலாவது மாசத்திலிருந்து வீட்டில் அவன் பேச்சு 'ம்', 'சரி', 'தெரியல' என்ற மூன்று வார்த்தைக்குச் சுருங்கியிருந்தது. அவன் வருவான் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. "டெண்ட்லயா தூங்குவோம்?" என்று கேட்டான். அது நாலாவது வார்த்தை. அவசர அவசரமாகக் கூடாரம் ஆர்டர் செய்ததன் காரணம் அதுதான். கேள்வி கேட்க நேரமில்லை.

பெட்டியில் 'நாலு பேர்' என்று போட்டிருந்தது. அகலம் இரண்டு மீட்டர். நாலால் வகுத்தால் ஆளுக்கு ஐம்பது சென்டிமீட்டர். ரயில் பெர்த்தே அதைவிடத் தாராளம். முதல் பாடம்: கூடாரத்தில் எத்தனை ஆள் என்று போட்டிருக்கிறதோ அதைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். பை, செருப்பு, தூண்டில் சாமான் எல்லாம் எங்கே போகும்?

சாயங்காலம் கடலைப் புண்ணாக்கு, தவிடு, வெல்லம் பிசைந்து உருண்டை பிடித்துப் போட்டோம். இரண்டு தூண்டில், நுனியில் மணி. பத்து மணிக்குக் குளிர் தாங்காமல் கூடாரத்துக்குள் போய் ஜிப்பை மூடிப் படுத்தோம். வாசல் தண்ணீரைப் பார்த்து இருக்கவேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. காற்றுக்கு மறைவாக இருக்கட்டும் என்று பக்கவாட்டில் வைத்திருந்தேன்.

ஒன்றரை மணிக்கு மணி அடித்தது. அடித்தது என்றால் கோயில் மணி மாதிரி. நான் எழுந்து ஜிப்பைப் பிடித்து இழுத்தேன். துணி ஜிப்பில் மாட்டிக்கொண்டது. இருட்டில் டார்ச் எங்கே என்று தெரியவில்லை. கீழ்ப்பக்கம் கொஞ்சம் திறந்தது, அதன் வழியாகத் தலையையும் ஒரு கையையும் விட்டேன். மிச்சம் உள்ளேயே நின்றுவிட்டது. அந்த நிலையில் நான் பார்க்கப் பார்க்க ஒரு தூண்டில், ஸ்டாண்டோடு சேர்ந்து, சாவகாசமாகத் தண்ணீருக்குள் போயிற்று.

பின்னால் ஒரு சத்தம். என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தே போனேன். ஜூனியர் சிரித்துக்கொண்டிருந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துக் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருக்கும். 2,200 ரூபாய்த் தூண்டில் போன வருத்தம் எனக்கு அப்போது வரவில்லை. (மறுநாள் காலையில் ஒரு மீனவர் படகில் போய் எடுத்துக் கொடுத்தார். மீன் போயிருந்தது.)

விடியற்காலையில் அடுத்த அதிர்ச்சி. போர்வை ஈரம். கூடாரத்தின் உள்சுவரில் தண்ணீர் முத்து முத்தாக நின்று, தொட்டால் வழிந்தது. மழை ஒரு துளி கிடையாது. 'ஒழுகுகிற கூடாரத்தை விற்றுவிட்டான்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு, விற்றவருக்கு நுகர்வோர் சட்டம் எல்லாம் மேற்கோள் காட்டி ஒரு நீண்ட மெயில் தயார் செய்தேன். அனுப்பும் முன் தாதாவிடம் காட்டினேன்.

அவர் படித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "அரே பாபா, இது வெளித் தண்ணி இல்லை. உங்க ரெண்டு பேர் மூச்சு."

இட்லிப் பானை மூடியைத் திறந்தால் அடியில் தண்ணீர் சொட்டுமே, அதே கதை. ராத்திரி முழுக்க ஒரு ஆள் மூச்சிலும் வியர்வையிலும் விடும் ஈரம் ஒரு டம்ளருக்குக் குறையாது. வெளியே குளிர், துணி குளிர்ந்துவிடுகிறது. உள்ளே வெதுவெதுப்பான மூச்சுக்காற்று அதில் பட்டதும் தண்ணீராகிறது. ஒற்றைத் துணிக் கூடாரத்தை இறுக மூடிப் படுத்தால் வேறு எதுவும் நடக்காது. நீர்நிலைக்குப் பக்கத்தில், பனி இறங்கும் மாசத்தில் கேட்கவே வேண்டாம்.

மெயிலை அழித்தேன். ஜனவரியில் இன்னொரு முறை போனோம். ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்தோம். ஈரம் குறைந்தது, குளிர் வந்தது. உள்ளே ஈரம் இல்லாமலும் வேண்டும், மூடியும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து எப்படி? அப்போதுதான் வங்கிக்காரன் விழித்துக்கொண்டான். நாற்பது கேள்வியும் வெளியே வந்தது.

கெண்டைக்காக ராத்திரி தங்குவதை ஒரு மதம் மாதிரி வளர்த்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். ரிச்சர்ட் வாக்கர் என்பவர் 1952 செப்டம்பர் 13 அன்று ஹெரஃபோர்ட்ஷயரில் ரெட்மயர் என்ற சின்னக் குளத்தில் 44 பவுண்டு கெண்டையைப் பிடித்தார். கிட்டத்தட்ட இருபது கிலோ. அந்த மீனைக் கொல்லாமல் லண்டன் மிருகக்காட்சிசாலைக்குக் கொடுத்தார்கள். 'கிளாரிசா' என்று பெயர் வைத்து வருஷக்கணக்கில் ஜனங்கள் பார்த்தார்கள். 1980-ல் கிரிஸ் யேட்ஸ் அதே குளத்தில் ஐம்பத்தொன்றரை பவுண்டு பிடித்தார். அந்த ஆசையில் இன்றைக்கும் அங்கே ஆட்கள் இரண்டு மூன்று நாள் கரையிலேயே குடியிருக்கிறார்கள். அவர்கள் தங்கும் கூடாரத்துக்குப் பெயர் 'பிவ்வி'. ராணுவ வீரர்கள் திறந்தவெளியில் தங்குவதைச் சொல்லும் பிரெஞ்சு வார்த்தையிலிருந்து வந்தது.

பிவ்வி சாதாரண முகாம் கூடாரம் இல்லை. அடர்பச்சை நிறம். முன்பக்கம் முழுக்கத் திறக்கும், படுத்தபடியே தூண்டிலைப் பார்க்கலாம். மணி அடித்தால் இரண்டே எட்டில் வெளியே வரலாம். ஐந்து நிமிஷத்தில் நிறுத்தலாம். தேவையானால் மேலே இன்னொரு துணியைப் போர்த்தலாம், இரண்டுக்கும் நடுவே காற்று ஓடும். மூச்சு ஈரம் உள்துணியில் தங்குவது குறையும். அடடா, இதுவல்லவோ நமக்கு வேண்டியது என்று விலையைப் பார்த்தேன். மலிவானது 150 பவுண்டு, நல்லது 500, 600 என்று போகிறது. ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல். கப்பல் கூலி, சுங்க வரி வேறு. மூடி வைத்துவிட்டேன்.

ஆனால் பார்த்தது வீண் போகவில்லை. எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. நான் எழுதி வைத்த கேள்விகள் இவை.

ஒன்று, தரை. இங்கிலாந்தில் தரைத்துணி தனியாக வந்தாலும் ஓடிவிடும். நமக்கு ஓடாது. கரும்புக்காட்டில் கண்ணாடி விரியன் உண்டு. கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிப்பதில் பேர்போனது. அதனால் தரைத்துணி சுவரோடு சேர்த்துத் தைத்திருக்க வேண்டும், ஜிப் முழுக்க மூட வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் கூடாது.

இரண்டு, மூச்சு. உச்சியில் வலை இருக்க வேண்டும், அதற்கு மேல் தனித்துணி இருக்க வேண்டும், இடையில் காற்று ஓட வேண்டும்.

மூன்று, வாசல். தண்ணீரைப் பார்த்து, அகலமாக.

நான்கு, மழை. 'வாட்டர்ப்ரூஃப்' என்று ஒற்றை வார்த்தை எழுதியிருந்தால் நம்பாதீர்கள், எண்ணைக் கேளுங்கள். துணியின் மேல் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது கசிய ஆரம்பிக்கும் என்பதுதான் அந்த எண். 1,500 மி.மீ. இருந்தால் மழை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. நல்ல பிவ்விகளுக்கு 5,000, 10,000 என்றெல்லாம் போட்டிருக்கும். தரைத்துணிக்குக் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் நாம் முட்டி போடும்போது துணியை ஈரத்தின் மேல் அழுத்துகிறோம். என் 1,899-ல் எந்த எண்ணுமே இல்லை.

ஐந்து, முளை. கூடாரத்தோடு வருகிற கம்பி முளை கொண்டை ஊசி மாதிரி. தக்காணத்து மண் மேலே கரிசல், கொஞ்சம் தோண்டினால் பாறை. கம்பி வளைந்துவிடும்.

இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிற இரட்டைத் துணிக் கூடாரம், இரண்டு பேருக்கு மேல் சாமானுக்கும் இடத்தோடு, 6,500 ரூபாய்க்கு ஒரு கடையில் பார்த்து வைத்தேன். வாங்கிவிடலாம் என்று முடிவு செய்த வாரம், பிப்ரவரி கடைசி, பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. என் பெயர் இருந்தது. போஸ்டிங் அசாம். ஜூன் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும்.

வங்கியில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். பதவி உயர்வு என்றால் வாழ்த்து ஒரு கையில், பெட்டி ஒரு கையில். ஜூனியர் பன்னிரண்டாம் வகுப்பு. அவனும் தங்கமணியும் புனேயில்தான் இருக்க வேண்டும். இதுவரை நாங்கள் மூன்று பேரும் பிரிந்து இருந்ததில்லை.

அன்று ராத்திரி கூடாரப் பேச்சை எடுத்தேன். தங்கமணி தட்டைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"நாலு மாசத்துல நீங்க போயிருவீங்க. ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு யாருங்க படுக்கறதுக்கு வாங்கறீங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. கடன் விண்ணப்பமாக இருந்தால் நானே நிராகரித்திருப்பேன். உபயோகக் காலம் நாலு மாசம், வருமானம் பூஜ்யம், அடமானச் சொத்து ஒரு கூடாரம். அவள் கேட்டது கூடாரத்தைப் பற்றி மட்டும் இல்லை என்றும் தெரிந்தது.

பேசாமல் இருந்த ஜூனியர்தான் எழுந்து போய்ப் பழைய கூடாரத்தைக் கொண்டு வந்து ஹாலில் விரித்தான். அதன் உச்சியில் ஒரு சின்னத் தொப்பி மாதிரித் துணி உண்டு. அதைக் கழற்றினான். அடியில் கொசுவலை.

"அப்பா, இதுலயே மேல நெட் இருக்கு. இந்த கேப்பை எடுத்துட்டு, மேல பெரிசா ஒரு ஷீட் கட்டினா அதுவே டபுள் லேயர்தானே?"

பிரிட்டிஷ்காரன் மேலே போர்த்துகிற இரண்டாவது துணி! தைத்த தரை இருக்கிறது. வலை இருக்கிறது. இல்லாதது மேல்துணி மட்டும். ஊரில் நெல் காயப்போட, லாரியில் மூட, கல்யாணப் பந்தலுக்கு என்று எதற்கெடுத்தாலும் கட்டுவோமே, அந்தத் தார்ப்பாய் போதும்.

தார்ப்பாயில் பார்க்க வேண்டியது ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் எடை என்பது. 90 என்றால் காற்றில் படபடவென்று அடித்துக் கண்ணி கிழியும். 250 நன்றாக உழைக்கும், தூக்கி மாளாது. 150 நடுவாந்திரம். பன்னிரண்டுக்குப் பத்தடியில் 150 ஜி.எஸ்.எம். வாங்கினால் எடை ஒன்றே முக்கால் கிலோவுக்குள்.

ஜூனியர் கோச்சிங் நோட்டின் பின்பக்கத்தில் படம் போட்டான். பன்னிரண்டடியை நடுவில் மடித்தால் ஒரு பக்கம் ஆறடி, அது கர்ணம். நடுக்கம்பு ஐந்தரை அடி. தார்ப்பாய் ஓரம் தரையிலிருந்து ஒன்றரை அடி மேலே நின்றால் காற்று உள்ளே போகும். அப்படியானால் செங்குத்து நாலு அடி. ஆறின் வர்க்கம் முப்பத்தாறு, நாலின் வர்க்கம் பதினாறு, மிச்சம் இருபது, அதற்கு வர்க்கமூலம் நாலரைக்குக் கொஞ்சம் கீழே. இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்பது அடி அகலம். கூடாரம் ஆறரை அடிதான். நீளவாக்கில் பத்தடி, அதில் ஆறரை போக மூன்றரை அடி முன்பக்கம் திண்ணை. மழையிலும் வெளியே உட்கார்ந்து தூண்டிலைப் பார்க்கலாம். கூடாரத்து உச்சிக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே ஒரு அடி இடைவெளி.

செலவுக் கணக்கு: தார்ப்பாய் 1,150. மூங்கில் கம்பு இரண்டு 240. கொல்லுப்பட்டறையில் அடித்த இரும்பு முளை எட்டு, 280. நைலான் கயிறு 130. ஆக 1,800. பழைய கூடாரத்தையும் சேர்த்தால் 3,699. தங்கமணி கணக்கைப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சரிங்க" என்றாள். போர்வை இரண்டு எக்ஸ்ட்ராவாக எடுத்து வைத்ததும் அவள்தான்.

மார்ச்சில் முதல் ராத்திரி. கட்ட முக்கால் மணி நேரம் ஆனது (இப்போது பதினைந்து நிமிஷம்). காலையில் எழுந்து சுவரைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. தார்ப்பாயின் அடிப்பக்கம் மட்டும் பனி. அவ்வளவு சந்தோஷம் எனக்குப் பதவி உயர்வுப் பட்டியலைப் பார்த்தபோது கூட வரவில்லை என்றால் நம்புவீர்களா?

அந்தத் திண்ணையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வீட்டில் பையனிடம் பேச வேண்டும் என்றால் எதிரில் உட்கார வைப்பேன். கேள்வி கேட்பேன். அவன் தரையைப் பார்ப்பான். திண்ணையில் அப்படி இல்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், பார்வை தூண்டில் நுனியில். இருட்டு வேறு. ஏப்ரலில் ஒரு ராத்திரி, பதினொன்று இருக்கும், அவன் தூண்டிலைப் பார்த்தபடியே சொன்னான்.

"அப்பா, எனக்கு பிசிக்ஸ் வரல. டெஸ்ட்ல நாலு தடவையா ரொம்பக் கம்மி. அம்மாகிட்டக் கூடச் சொல்லல."

நாற்பது கேள்வியும் என் நாக்கு நுனிக்கு வந்தது. எப்போதிலிருந்து, ஏன் சொல்லவில்லை, ஃபீஸ் எவ்வளவு கட்டியிருக்கிறேன் தெரியுமா. ஆனால் தண்ணீர் ஓரம் சத்தம் போடக்கூடாது என்பது தாதாவின் சட்டம். என் அப்பாவின் சட்டமும் அதுதான். வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, பார்த்துக்கலாம்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவன் இன்னும் கொஞ்சம் பேசினான். பிறகு இன்னும் கொஞ்சம். ஒரு மணி வரை பேசினான். மீன் கடிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிய வாரம் கோச்சிங்கில் போய்ப் பேசினோம். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட்டை நிறுத்தினோம். பிசிக்ஸுக்கு மட்டும் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆசிரியை. ஐ.ஐ.டி. கிடைக்குமா என்று கேட்காதீர்கள். இப்போது அறைக்கதவு திறந்திருக்கிறது. எனக்கு அது போதும் என்று சொல்ல ஆசை. முழுக்கப் போதவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். பி.காம். படித்தவனுக்கு மகன் இன்ஜினியர் ஆக வேண்டும் என்ற ஆசை சீக்கிரம் போகாது.

மே மாதம் கோடை மழை. சாயங்காலம் மேற்கே கறுத்தது, காற்று புழுதியோடு வந்தது. மின்னல் வெட்ட ஆரம்பித்ததும் தூண்டில்களைக் கீழே போட்டுவிட்டுக் காருக்குள் ஓடினோம். இதைக் கவனமாகக் கேளுங்கள். இடி மின்னலில் எந்தக் கூடாரமும், எவ்வளவு விலையானாலும், பாதுகாப்பு இல்லை. கார்பன் தூண்டிலைக் கையில் பிடித்திருப்பது அதைவிட ஆபத்து. கட்டிடமோ மூடிய காரோதான் சரி.

காருக்குள் உட்கார்ந்து முன்கண்ணாடி வழியாக எங்கள் கூடாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தார்ப்பாய் உப்பி உப்பி அடங்கியது. ஒரு முளை பிடுங்கிக்கொண்டது. மற்ற ஏழும் நின்றன.

"அப்பா, போக மாட்டேன்னு சொல்ல முடியாதா?"

முடியும் என்றேன். பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். வீட்டுக்கடன் தவணை, அவன் படிப்பு, ஊரில் பாட்டியின் மருந்துச் செலவு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பெரிய மனுஷனிடம் சொல்வது போல, எண்ணோடு சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். மழை கண்ணாடியில் கொட்டியது.

"அங்க கட்லா இருக்குமா?"

"அதோட சொந்த ஊரே அதுதான்டா."

"ம்" என்றான். பழைய 'ம்' மாதிரி இல்லை.

ஒன்பது மணிக்கு மழை விட்டது. கூடாரத்துக்குள் போய்ப் பார்த்தோம். ஒரு மூலையில் கையகல ஈரம். படுத்துத் தூங்கினோம்.

இதுவரை ஒன்பது ராத்திரி. 3,699-ஐ ஒன்பதால் வகுத்தால் ராத்திரிக்கு 411 ரூபாய். வருகிற சனிக்கிழமை பத்தாவது, 370 ஆகிவிடும். அதற்கடுத்த வாரம் நான் கிளம்புகிறேன். கூடாரத்தை என்னோடு எடுத்துப் போகச் சொல்கிறான் ஜூனியர். இங்கேயே இருக்கட்டும், முழங்கால் சரியானதும் தாதாவோடு போ என்கிறேன் நான். இன்னும் முடிவாகவில்லை. சனிக்கிழமை திண்ணையில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.

பி.கு. 1: எந்தக் கூடாரமானாலும் ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் மாடியில் ஒரு நாள் காயப் போடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை. உள்ளே அடுப்போ கரியோ மூட்டவே கூடாது, மூச்சு முட்டி உயிர் போய்விடும்.

பி.கு. 2: "மீன் கிடைத்ததா?" என்று கேட்பீர்கள். ஒன்பது ராத்திரிக்கு மூன்று மீன். பெரியது நாலு கிலோ கட்லா, பிடித்தது ஜூனியர். கழுவி வெட்டியது நான். குழம்பு தங்கமணி. கிலோ என்ன விலை ஆகியது என்ற கணக்கை மட்டும் நான் போடவில்லை.